பாக்கெட் பார்க்கிறவள்

“நிறுத்து! மெஷினை நிறுத்து!”

ஸ்டீம் பிரஸ்ஸில் பாதி அழுந்திய சட்டையை அப்படியே விட்டுவிட்டு ஆவி ஓடினான். வழியில் இருந்த தலையணை உறைக் கூடை உருண்டது. சுவரோரம் சாய்ந்திருந்த துடைப்பம் விழுந்தது. பெரிய வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடியில் இரண்டு கைகளாலும் அறைந்தான்.

உள்ளே ஹோட்டல் பெட்ஷீட்டுகள் நுரையோடு புரண்டுகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு சிவப்பு அட்டை கண்ணாடி வரைக்கும் வந்தது, ஒட்டியது, முகத்தைக் காட்டியது, மறுபடி நுரைக்குள் போனது.

கல்லாவில் இருந்த தங்கச்சி பாய்ந்து வந்து பொத்தானை அமுக்கினாள்.

“என்னண்ணே? உள்ள யாராவது விழுந்துட்டாங்களா?”

“என் நோட்டு!”

“நோட்டா? எத்தனை ரூபா நோட்டு?”

“எழுதுற நோட்டு!”

“அட, அதுதானா? நான் நெஜ நோட்டுன்னுல்ல பயந்துட்டேன்.”

பொத்தானை அமுக்கியதும் கதவு திறந்துவிடாது. தண்ணீர் வடியவேண்டும். அது வடிகிறவரை ஆவி ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். கதவு திறந்தபோது கிடைத்தது அட்டை மட்டும்தான். உள்ளே இருந்த தாள்கள் எல்லாம் கூழாகிப் பெட்ஷீட்டுகளில் அப்பியிருந்தன. ஒரு முனையில் பேனா மை நீலமாகக் கசிந்திருந்தது. அடியில் அவனுடைய ஏப்ரன் சுருண்டு கிடந்தது. நோட்டு அந்த ஏப்ரன் பாக்கெட்டில்தான் இருந்தது.

“என் ஏப்ரனை யாரு துவைக்கப் போட்டது?”

கேட்டதும் மூவர் இருந்த அந்த நீள அறையில் இரண்டு பேர் ஒரே பக்கம் திரும்பினார்கள். துணி பிரிக்கும் மேஜையில் அம்மா நிமிராமல் நின்றாள். கையில் யாரோ ஒருவருடைய கால்சட்டை.

“அழுக்கா இருந்துச்சு, போட்டேன். பாக்கெட் பாக்க மறந்துட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். தங்கச்சியின் வாய் திறந்து, மூடிக்கொண்டது.

ஏனென்றால் இந்தச் சலவைக்கடையில் பாக்கெட் பார்ப்பதுதான் அம்மாவின் வேலை. கடை பெரியம்மாவின் கையில் இருந்த காலம் தொட்டு அவள்தான் பார்க்கிறாள். வருகிற ஒவ்வொரு துணியின் பையிலும் விரல் விட்டு, மூலை வரை துழாவி, உள்பக்கத்தை வெளியே இழுத்து உதறிவிட்டுத்தான் கூடையில் போடுவாள். சாவி, மோதிரம், மாத்திரை, பஸ் டிக்கெட், ஒருமுறை ஒரு வக்கீலின் பொய்ப்பல் செட்டு. அது அவருக்குத் திரும்பப் போய்ச் சேர்ந்தபோது அவர் வாயைத் திறக்காமல் கையெடுத்துக் கும்பிட்டாராம். அம்மாவின் விரலுக்குத் தப்பிய பொருள் என்று இதுவரை ஒன்றும் கிடையாது.

இப்போது ஒரு முழு நோட்டு தப்பியிருக்கிறது.

அன்று பகல் முழுக்க மூன்று பேரும் பெட்ஷீட்டுகளை மேஜையில் விரித்து, பிரஷ்ஷால் தேய்த்து, தாள் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். வெளியே மழை. மழை நாளில் சலவைக்கடைக்குள் காற்றே ஈரமாக இருக்கும். மூச்சை இழுத்தால் சோப்புத்தண்ணீர் போலத் தொண்டையில் இறங்கும். சாயங்காலம் ஹோட்டல் வேன் வந்துவிடும். மை பட்ட ஒன்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்றதை மறுபடி அலசிப் போட்டாள் தங்கச்சி.

“அண்ணே, நீ எழுதினதை இன்னிக்கு ராத்திரி எத்தனை பேரு விரிச்சுப் படுக்கப் போறாங்க பாரு. எந்த எழுத்தாளனுக்கு இந்த அதிர்ஷ்டம்?”

ஆவி சிரிக்கவில்லை. அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா துணுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணுக்கையும் எறிவதற்கு முன் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், அதில் இன்னும் ஏதாவது எழுத்து மிச்சமிருக்கிறதா என்பதுபோல.

*

ஆவி என்பது எந்நேரமும் ஸ்டீம் பிரஸ்ஸின் நீராவிக்குள் நிற்பதால் வந்த பெயர். ஐம்பதைத் தொடப்போகிற ஆள். கல்யாணம் கட்டவில்லை. கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அம்மாவும் அவனும். “ஆவியைக் கூப்பிடு” என்று தங்கச்சி சத்தம் போட்டால் புதிதாக வந்த வாடிக்கையாளர்கள் ஓரடி பின்னே போவார்கள்.

கடைக்குச் சொந்தக்காரி தங்கச்சிதான். பெரியம்மாவின் ஒரே மகள். பெரியம்மா போன பிறகு கடை அவள் கைக்கு வந்தது. பெரியம்மா மகள் என்றாலும் தங்கச்சி தங்கச்சிதான், அதற்கென்று நம்மிடம் வேறு சொல் கிடையாது. அவள் இவனை வேலை வாங்குவாள், திட்டுவாள், ‘அண்ணே’ என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவாள். அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் பகல் சாப்பாடு மூன்று பேருக்கும் கடையிலேயே ஆகிவிடும். இரண்டு பிள்ளை பெற்று, நரையும் விழுந்துவிட்ட அவளை இன்றைக்கும் அம்மா மட்டும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவாள்.

எழுத்து வகுப்பில் அவனைச் சேர்த்துவிட்டதும் தங்கச்சிதான்.

“நாள் முழுக்க நின்னுக்கிட்டுப் பழைய கதை பேசறே. எனக்குப் பில் கணக்கு தப்புது. பல் டாக்டர் மாடியில ஏதோ வாழ்க்கைக் கதை எழுதச் சொல்லித் தராங்களாம். போயி அங்க கொட்டு.”

பல் டாக்டர் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் வகுப்பு. நடத்துகிற பெண் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். ஆவியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். எல்லாரும் அவளை ‘புரூஃப் டீச்சர்’ என்றார்கள். முதல் நாளே அவள் சொன்னது:

“நல்லா எழுதாதீங்க. தினமும் எழுதுங்க. கால் மணி நேரம். பேனா நிக்கக்கூடாது. ஒண்ணும் வரலைன்னா ‘ஞாபகம் இருக்கு, ஞாபகம் இருக்கு’ன்னு எழுதிட்டே இருங்க, வந்துரும். சந்தோஷம், துக்கம், வேதனை, இதெல்லாம் வேண்டாம். கை என்ன பண்ணுச்சு, கண் என்ன பாத்துச்சு, அதை மட்டும் எழுதுங்க.”

“எழுத்துப்பிழை வந்தா?” என்றார் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர்.

“வரட்டும். எனக்குப் பொழப்பு வேண்டாமா?”

ஆவி தினமும் காலையில் பாய்லர் சூடேறுகிற நேரத்தில், சாய்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினான். பிறகு பத்து மணி டீக்கு எதிரில் உட்காரும் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினான். அவள் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டே கேட்பாள். முதல் வாரங்களில் எழுதியதெல்லாம் ‘நான் பிறந்தேன், வளர்ந்தேன், கஷ்டப்பட்டேன்’ ரகம். “அண்ணே, இது வாழ்க்கைக் கதையா, வேலைக்கு அப்ளிகேஷனா?” என்றாள் தங்கச்சி.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் பேனாவை நிறுத்தவே இல்லை. அப்போதுதான் அந்தப் பச்சைக் கதவு வந்தது.

‘ஞாபகம் இருக்கு. பச்சைக் கதவு. அதுக்குக் கீழ கல் படி. வெயில். கால் மரத்துப்போச்சு. பெரியம்மா வந்தாங்க. கையில சோப்பு வாசனை. என்னைத் தூக்கினாங்க. நான் அழுதேன். பெரியம்மா என்னை அம்மா கையில குடுத்தாங்க. அப்புறம் துணிமூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாங்க. திரும்பிப் பாக்கல.’

வாசித்து முடித்ததும் தங்கச்சி பன்னைக் கீழே வைத்தாள். “அண்ணே, இது நல்லாருக்கு. எங்க அம்மாவை அப்படியே பாத்த மாதிரி இருக்கு.” துணி மேஜைப் பக்கம் திரும்பி, “சித்தி, பச்சைக் கதவு எந்த வீடு?” என்றாள்.

“பச்சையாவது மஞ்சளாவது. நாங்க இருந்த வீட்டுக்குக் கதவே கிடையாது பாப்பா. கோணிதான் தொங்கும்,” என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே ஒரே சட்டையின் பாக்கெட்டை மூன்று முறை பார்த்தாள்.

அதே கதவை அவன் இன்னும் இரண்டு ஞாயிறு வகுப்பில் எழுதிக் காட்டினான். மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் நோட்டு தண்ணீருக்குள் போனது.

*

“நோட்டு போச்சுங்க,” என்றான் ஆவி, அடுத்த ஞாயிறு.

“ரொம்ப சந்தோஷம்,” என்றாள் புரூஃப் டீச்சர்.

“சந்தோஷமா?”

“போனது போகட்டும். இப்பவே திரும்ப எழுதுங்க. எது திரும்பி வருதோ அதுதான் உங்களுது. வராதது சும்மா அலங்காரம்.”

எழுதினான். மரபெஞ்சு, மேலே ஒரு மின்விசிறி, கீழேயிருந்து பல் ராவுகிற சத்தம். கால் மணி நேரம் கழித்து அவள் வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். பழக்கதோஷம், சிவப்புப் பேனா தானாகத் திறந்துகொண்டது. ஒரே ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள்.

‘நாம் படியில் உட்கார்ந்திருந்தோம்.’

“போன தடவையும் இதான் எழுதியிருந்தீங்க. அதுக்கு முந்தியும். நான் மனசுக்குள்ள ‘நான்’னு திருத்திப் படிச்சுட்டு விட்டுட்டேன். இது யாரு, நாம்?”

“நான்தாங்க. கை தவறியிருக்கும்.”

“கை தவறினா ‘நாங்கள்’னு வரலாம். நாங்கள்னா கேக்கறவங்க வெளிய இருக்காங்க. நாம்னா கேக்கறவங்களும் உள்ள இருக்காங்க. இதை யாருக்கு வாசிச்சுக் காட்டறீங்க?”

“என் தங்கச்சிக்கு. பெரியம்மா பொண்ணு. டீக்கு எதிர்ல உக்காருவா, அந்தப் பழக்கத்துல...”

“இருக்கலாம்.” அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “நான் தப்பு திருத்தித்தான் சம்பாதிக்கறேன். ஒரு தடவை வந்தா அது தப்பு. மூணு தடவை ஒரே எடத்துல வந்தா, எழுதினவரைக் கேட்காம நான் கை வைக்கமாட்டேன். இன்னொண்ணு, ஒத்தையா உக்காந்திருந்தா கால் எதுக்கு மரத்துப்போகுது?”

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “ஃபுட்போர்டுல தொங்கியிருப்பாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆவி மட்டும் அந்தச் சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தான்.

போகும்போது டீச்சர் நினைவூட்டினாள்: “வர்ற ஞாயிறு வாசிப்பு. எல்லாரும் வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வரணும். நீங்க இந்தப் பச்சைக் கதவைத்தான் வாசிக்கறீங்க.”

மழையில் நனைந்துகொண்டே நடந்தான். நடக்க நடக்க எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டே வந்தது. பெரியம்மா வீடு அது. அங்கே அவனும் இருந்தான், தங்கச்சியும் இருந்தாள், அதனால்தான் ‘நாம்’. பெரியம்மா அவனைத் தூக்கி அம்மா கையில் கொடுத்தாள். கொடுத்தாள் என்றால்? யாருடையதை யாருக்குக் கொடுத்தாள்? வீட்டில் அவன் குழந்தைப் பருவத்துப் படம் ஒன்றுகூட இல்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டால் ‘கட்டடச் சாரத்துல இருந்து விழுந்துட்டாரு’ என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

தெருவிளக்கின் அடியில் நின்றுவிட்டான். பெரியம்மாதான் என்னைப் பெற்றவளா?

அப்படியானால் மாடியில் சோற்றை மூடிவைத்துக்கொண்டு காத்திருக்கிறவள் யார்?

*

அந்த வாரம் மாடியில் பேச்சு குறைந்தது. அவன் புதிய நோட்டைப் பிரித்தால் அம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். புதன்கிழமை சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஞாயித்துக்கிழமை அதை நீ அங்க படிக்கப் போறியா?”

“டீச்சர் படிக்கச் சொல்லியிருக்காங்க.”

“பாப்பாவும் வருதா?”

“ஆமா. கடையைச் சீக்கிரம் மூடிட்டு வரேன்னிருக்கா.”

“வேற எதையாவது படி. உனக்கு அம்மை போட்டுச்சே, அதைப் படி. வேலைக்குப் போயி முதல் நாள் கையைச் சுட்டுக்கிட்டியே, அதைப் படி.”

“ஏம்மா?”

“அந்தக் கதவைப் படிச்சேன்னா நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன். சொல்லிட்டேன்.”

எங்கே போவாள் என்று அவன் கேட்கவில்லை. போகிறவள்தான். ஒருமுறை அவன் குடித்துவிட்டு வந்ததற்காக மூன்று நாள் கடைக்குள் துணி மேஜைமேல் படுத்துத் தூங்கியவள்.

வியாழக்கிழமை டீக்கு அவன் தங்கச்சியிடம் பூசி மெழுகிக் கேட்டுப் பார்த்தான். “பெரியம்மா கடைசியா படுத்திருந்தப்ப என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?”

“என்னண்ணே, கடையில பங்கு கேக்கப் போறியா?”

“சும்மா கேட்டேன்.”

“உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல. சித்தியை நல்லா பாத்துக்கோன்னு மட்டும் சொல்லிச்சு. ரெண்டு மூணு தடவை சொல்லிச்சு. நான் பாக்காமயா இருக்கேன்?” அவள் பன்னில் பாதியைப் பிய்த்து வைத்தாள். “இந்தா, சித்திக்குக் குடு. காலையில இருந்து ஒண்ணும் தொடல அது. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஹோட்டல்காரன் துணியில காட்டாதீங்க. நேத்து ஒரு சட்டைக் காலரைக் கருக்கிட்டே.”

பன் அம்மாவின் மேஜையில் சாயங்காலம் வரை இருந்தது. பிறகு அம்மா அதை ஒரு தாளில் மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

*

சனிக்கிழமை மழை விட்டது. வெயிலைக் கண்டதும் ஊரே அழுக்குத்துணியைத் தூக்கிக்கொண்டு வந்தது. மத்தியானத்துக்குள் மேஜைமேல் துணி ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. தங்கச்சி முன்னால் டோக்கன் போட்டுக்கொண்டிருந்தாள். மெஷின் இரண்டும் ஓடின. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது மட்டுந்தான் கேட்கும்.

ஆவி பிரஸ்ஸை அணைத்துவிட்டு மேஜைக்கு வந்தான். அம்மாவுக்கு எதிரில் நின்று, அவனும் ஒரு கால்சட்டையை எடுத்தான்.

“நீ எதுக்கு இங்க? உன் வேலையைப் பாரு.”

“கூட மாட பாக்கறேன்.”

“உனக்குப் பாக்கத் தெரியாது. மூலையை விட்டுருவே.”

“நீகூடத்தான் ஒரு நோட்டை விட்டே.”

அம்மாவின் விரல் ஒரு பாக்கெட்டுக்குள் அப்படியே நின்றது.

“விடல,” என்றாள். “எடுத்துப் பாத்தேன். எழுத்துக் கூட்டிப் படிச்சேன். திரும்ப உள்ள வச்சுட்டுப் போட்டேன்.”

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் காதால் கேட்டபோது தயார் செய்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் எங்கோ போயின. ஒன்றுதான் மிஞ்சியது.

“நான் உன் பிள்ளை இல்லையாம்மா?”

அம்மா நிமிர்ந்தாள். அவ்வளவு நாளும் பார்க்காத கண்ணால் பார்த்தாள்.

“என்னடா சொல்றே?”

“பெரியம்மா என்னைத் தூக்கி உன் கையில குடுத்தாங்க. நான் அழுதேன். இது நெஜமா, நானாக் கட்டினதா?”

“நெஜம்.”

“பச்சைக் கதவு?”

“அதுவும் நெஜம். கோணின்னு நான் சொன்னதுதான் பொய்.”

“அப்ப நான் பெரியம்மா பிள்ளை. உனக்குக் குடுத்துட்டாங்க. அதானே?”

அம்மா அழப்போகிறாள் என்று நினைத்தான். அவளோ சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

“குடுக்கலடா, கூறுகெட்டவனே. திருப்பிக் குடுத்தா.”

“திருப்பியா?”

“அது நம்ம வீடு. உங்கப்பன் போயி ரெண்டு மாசம். அடுப்பு மூட்ட வழியில்ல, எனக்குக் காய்ச்சல் வேற. எங்கக்காவுக்குப் பிள்ளை நிக்கல. ‘ஒண்ணை நான் கொண்டுபோறேன்டி’ன்னா. உன்னைத்தான் கேட்டா. ஆம்பளப் பையன், கடைக்கு ஆகும்னு. தூக்கவும் தூக்கிட்டா. நீ போட்டியே ஒரு கூப்பாடு, அவ தோளைக் கடிச்சே வச்சுட்டே. ‘இது என்கிட்ட நிக்காதுடி’ன்னு திருப்பி என் கையில குடுத்துட்டா. அதைத்தான் நீ எழுதிவச்சிருக்கே.”

ஆவி கூடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது. தோளிலிருந்த ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அப்ப நான் உன் பிள்ளைதான்.”

“பின்ன, பாக்கெட்லயா கெடைச்சே?”

“இதைச் சொல்றதுக்கு என்னம்மா? இதுக்காகவா நோட்டைத் தண்ணியில போட்டே? இதை நான் படிச்சா யாருக்கு என்ன நஷ்டம்?”

அம்மா கையிலிருந்த கால்சட்டையின் பாக்கெட்டை வெளியே இழுத்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. மறுபடி உதறினாள்.

முன்பக்கம் ஒரு மெஷின் சுற்று முடிந்து நின்றது. பாதிச் சத்தம் அடங்கியதில் தங்கச்சியின் குரல் தெளிவாக வந்தது. “சித்தி! இந்த ஆஸ்பத்திரிக் கோட்டெல்லாம் பாத்துட்டீங்களா? உள்ள போடவா?”

“பாத்தாச்சு பாப்பா, போடு,” என்று அம்மா குரல் கொடுத்தாள். பிறகு தணிந்த குரலில், அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

“ஏன்டா, அந்தப் படியில உனக்குக் கால் மரத்துப்போச்சுன்னு எழுதினியே. எதுனாலன்னு எழுதலியே?”

“அது ஞாபகம் வரல.”

“மடியில பாரம் இருந்துச்சு. நீ நகரமாட்டேன்னு உக்காந்திருந்தே, முழிச்சுக்கும்னு.”

ஆவி துண்டை முகத்திலிருந்து எடுத்தான்.

“அப்புறம் எங்கக்கா துணிமூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான்னு எழுதியிருக்கே. எழுதினப்பல்லாம் துணிமூட்டைன்னேதான் எழுதியிருக்கே.”

“ஆமா. வெள்ளை பெட்ஷீட்ல சுத்தின மூட்டை. பெரியம்மா சலவைக்காரங்கதானே? துணி கொண்டுபோனாங்க.”

“அதுக்குள்ள துணி இல்லடா,” என்றாள் அம்மா. “பாப்பா தூங்கிட்டிருந்துச்சு.”